ஒரு மாத வாடகையும் ஒரு கோட் பெயின்ட்டும்

போன மாதம் திருவொற்றியூர் ஃப்ளாட்டைக் காலி செய்தேன். 2019 மார்ச்சில் குடிவந்த வீடு. சாவி கொடுக்கும்போது ஓனர் பால்கனிச் சுவரை ஒரு விரலால் தேய்த்து என்னிடம் காட்டினார். கறுப்பு. "பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கறேன் சார். எல்லாரும் பண்றதுதான்" என்றார்.

சுவரைக் கறுப்பாக்கியது நானில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. அன்றிரவே சட்டப் புத்தகங்களைத் தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் அந்தக் கறுப்பின் கதை. சென்னைத் துறைமுகத்தில் பல வருஷம் நிலக்கரியும் இரும்புத்தாதும் திறந்தவெளியில் குவிந்து கிடந்தன. ராயபுரத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறமாகும். 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் தூசுச் சரக்குகளை எண்ணூர் துறைமுகத்துக்கு மாற்றச் சொன்னது. அக்டோபரில் மாறியது. எண்ணூர் துறைமுகம் 2001ல் திறக்கப்பட்டதே அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான். ராயபுரம் கொஞ்சம் மூச்சு விட்டது, தூசு வடக்கே நகர்ந்தது. கூடவே கன்டெய்னர் லாரிப் புகை. இந்த ஊரில் சுவர் கறுப்பது குடியிருப்பவர் கைவரிசை இல்லை, காற்றின் கைவரிசை.

சரி, அதைத் துடைக்கும் செலவு யாருடையது?

சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு போர்க்காலத்தில் பிறந்தது. 1941ல் ஓர் உத்தரவாக வந்து, 1946ல் சட்டமாகி, 1949ல் திருத்தி எழுதப்பட்டது. 1940 ஏப்ரலுக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த வட்டாரத்தில் என்ன வாடகையோ, அதை அடிப்படையாக வைத்துத்தான் 'நியாய வாடகை' போட்டார்கள். போர் முடிந்தும் சட்டம் போகவில்லை. 1960ல் வந்த சட்டம் ஏறத்தாழ 59 வருஷம் ஓடியது.

அந்த 1960 சட்டத்தின் 22ஆம் பிரிவைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஓனர் ரிப்பேர் செய்யாவிட்டால், வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதியோடு குடியிருப்பவரே செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். உச்சவரம்பு வருஷ வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது ஒரு மாத வாடகை! அன்று குடியிருப்பவர் கழிக்க முடிந்த அதே ஒரு மாதத்தைத்தான் இன்று ஓனர் கழிக்கிறார்.

பழைய சட்டம் நல்ல சட்டம் என்று சொல்ல வரவில்லை. வாடகை ஏறாத வீட்டுக்கு எந்த ஓனர் சுண்ணாம்பு அடிப்பார்? வழக்குகள் வருஷக்கணக்கில் இழுத்தன, கட்டடங்கள் பாழாயின. அதனால்தான் 2017ல் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரி 22ல் நடைமுறைக்கு வந்தது. நான் குடிவருவதற்குச் சில நாள் முன்னால்!

அதன் இரண்டாம் அட்டவணையில் வேலைகள் பிரித்துத் தரப்பட்டுள்ளன. குழாய் வாஷர், கதவுப் பூட்டு, கண்ணாடி குடியிருப்பவர் பாடு. கட்டட ரிப்பேர், ஒயரிங், சுவருக்கு வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட் ஓனர் பாடு. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் ஒரு வால் இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பதற்கும் இதே வால்தான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சட்டம் டிஃபால்ட், அக்ரிமென்ட் ஓவர்ரைடு. பழைய சட்டம் விலையைக் கட்டியது. புதுச் சட்டம் காகிதத்தை நம்புகிறது.

என் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை ஃபார்மட். பதினோராவது வரி: காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை. கீழே என் கையெழுத்து. மற்றவர்கள் எழுதிய கோடை வரிவரியாகப் பார்ப்பது என் பிழைப்பு. இதை நான் படிக்கவே இல்லை. பணம் போச்சு.

அந்த ஃப்ளாட்டைக் குறை சொல்ல மனசில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, தெருவில் குடங்கள் வரிசை கட்டியபோது எங்கள் காம்ப்ளெக்ஸில் எல்லோரும் பங்கு போட்டு லாரித் தண்ணீர் வாங்கினோம். தனி வீடாயிருந்தால் நானும் குடத்தோடு நின்றிருப்பேன். ஊருக்குப் போனால் எதிர்வீட்டு அக்கா சிலிண்டர் வாங்கி வைப்பார். 2021ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததும் ஆபீஸ் போகும் பாடும் குறைந்தது. ஒரே குறை, அசோசியேஷன். மெயின்டனன்ஸ் கட்டுவது நான், கூட்டத்தில் ஓட்டு ஓனருக்கு. 1994ன் அடுக்குமாடிச் சட்டத்திலும் சரி, 2022ல் இயற்றிய புதியதிலும் சரி, சங்கம் என்றால் வீட்டு உரிமையாளர்களின் சங்கம்தான்.

இப்போது ராயபுரம் வந்துவிட்டேன். புது அக்ரிமென்ட்டை மூன்று முறை படித்தேன். பெயின்ட் வரி இதிலும் இருந்தது! புது ஓனரிடம் அட்டவணையைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். "மூணு வருஷத்துக்குள்ள போனா நீங்க, அதுக்கு மேல இருந்தா நான். எழுதிக்கலாமா தம்பி?" என்றார். எழுதிக்கொண்டோம். உங்கள் அக்ரிமென்ட்டிலும் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.