சுகிர்தராணி

சுகிர்தராணி (பிறப்பு: 1973) தமிழ்நாட்டைச் சேர்ந்த கவிஞர், தமிழாசிரியர். சாதி ஒடுக்குமுறையையும் பெண் மீதான ஒடுக்குமுறையையும் ஒரே அனுபவத்தின் இரு பக்கங்களாகக் கண்டு எழுதிய தலித் பெண் கவிஞர்களுள் குறிப்பிடத்தக்கவர். இவருடைய முதல் கவிதைத் தொகுப்பு 2002 ஆம் ஆண்டு வெளிவந்தது.

வாழ்க்கைச் சுருக்கம்

சுகிர்தராணி இராணிப்பேட்டைக்கு அருகிலுள்ள இலாலாப்பேட்டை என்னும் ஊரில் பிறந்தார். அப்பொழுது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2019 இல் உருவாக்கப்பட்ட இராணிப்பேட்டை மாவட்டத்தில் அடங்கும். இவர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர்.

இலக்கியப் பின்னணி

தமிழில் தலித் பெண்களின் உரைநடை எழுத்து முன்னரே தடம் பதித்திருந்தது. ப. சிவகாமியின் "பழையன கழிதலும்" 1989 இலும், பாமாவின் "கருக்கு" 1992 இலும் வெளிவந்தன. 2000 ஆம் ஆண்டை ஒட்டிச் சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி ஆகியோரின் கவிதைகள் பெண்ணுடலை வெளிப்படையாகப் பேசின. 2003 ஆம் ஆண்டளவில் இவ்வகைக் கவிதைகள் ஆபாசமானவை என்ற கண்டனம் எழுந்தது. திரைப்படப் பாடலாசிரியர்கள் சிலரும் கண்டித்தனர். இந்தச் சூழலில் எழுதத் தொடங்கிய சுகிர்தராணியின் கவிதைகள் இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடமாக அமைந்தன.

கவிதைகளின் இயல்பு

பெண்ணுடல் பற்றிய கவிதைகளில் குடும்பமும் ஆணாதிக்கமும் பொதுவாக முதன்மை பெறுகின்றன. சுகிர்தராணியின் கவிதைகளில் இவற்றோடு சேரியும் ஊரும் இடம்பெறுகின்றன. தீட்டு என்று விலக்கப்படும் உடலே உழைப்புக்கும் வன்முறைக்கும் உள்ளாக்கப்படுகிறது என்னும் முரண் இவருடைய கவிதைகளின் மையமாக உள்ளது. "தீண்டப்படாத முத்தம்" என்ற நூற்பெயரிலேயே தீண்டாமையும் காதலும் ஒருங்கே ஒலிக்கின்றன.

பரவலாக அறியப்பட்ட கவிதை ஒன்றில், பறை சுமந்து தெருவில் வரும் தந்தையைக் கண்டும் காணாதது போல் கடந்து செல்லும் சிறுமி வருகிறாள். தந்தையின் தொழிலைச் சொல்லத் தயங்கி வகுப்பில் அடிவாங்கும் அவள், வளர்ந்தபின் தன் சாதிப் பெயரைத் தானே உரக்கக் கூறுகிறாள். இழிசொல்லாகப் பயன்படுத்தப்பட்ட பெயர் அங்கே எதிர்ப்பின் சொல்லாக மாறுகிறது.

மொழிபெயர்ப்புகள்

இவருடைய கவிதைகளை லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளார். சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி ஆகியோரின் கவிதைகளுடன் இவை 2012 இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் கா. சத்தியநாராயணா, சூசி தாரு ஆகியோர் பதிப்பித்த தமிழ், மலையாளத் தலித் எழுத்துகளின் ஆங்கிலத் தொகுப்பிலும் இவருடைய கவிதைகள் உள்ளன. மலையாளத்தில் சாதியையும் பெண்ணின் வாழ்வையும் எழுதிவரும் தலித் கவிஞர் விஜிலா சிறப்பாடும் அதே தொகுப்பில் இடம்பெற்றுள்ளார். விஜிலாவின் முதல் கவிதை நூலின் தலைப்பு "அடுக்களை இல்லாத வீடு" எனப் பொருள்படும்.

பாடத்திட்ட நீக்கம்

தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில இளங்கலைப் படிப்பில் பெண்ணெழுத்து குறித்த பாடத்தில் சுகிர்தராணியின் "கைம்மாறு", "என் உடல்" ஆகிய கவிதைகள் இடம்பெற்றிருந்தன. ஆகத்து 2021 இல் இவை நீக்கப்பட்டன. பாமாவின் "சங்கதி" நூற்பகுதியும், மகாசுவேதா தேவியின் "திரௌபதி" சிறுகதையும் உடன் நீக்கப்பட்டன. பல்கலைக்கழகக் கல்விக்குழு உறுப்பினர்கள் சிலர் இதனை எதிர்த்துக் குறிப்பு அளித்தனர். பாடத்திட்டத்தில் தலித் பெண்களின் குரலுக்கு இடம் உண்டா என்ற கேள்வி இதனால் பரவலாக விவாதிக்கப்பட்டது.

விருது மறுப்பு

நியூ இந்தியன் எக்சுபிரசு குழுமத்தின் தேவி விருதுக்கு 2023 இல் சுகிர்தராணி தேர்ந்தெடுக்கப்பட்டார். விழாவின் முதன்மை நிதி ஆதரவாளர் அதானி குழுமம் என்பதை அறிந்தபின், அவ்வாண்டு பிப்ரவரியில் விருதை ஏற்க மறுத்தார். அந்நிறுவனத்தின் ஆதரவில் நடைபெறும் நிகழ்வில் விருது பெறுவது தம் எழுத்துக்கும் கொள்கைக்கும் முரணானது என்பது இவர் கூறிய காரணம்.

கவிதைத் தொகுப்புகள்

* கைப்பற்றி என் கனவு கேள் (2002)
* இரவு மிருகம் (2004)
* அவளை மொழிபெயர்த்தல்
* தீண்டப்படாத முத்தம் (2010)
* காமத்திப்பூ
* இப்படிக்கு ஏவாள்