கம்யூனிஸ்ட் கட்சிப் பிளவும் நெல்லைச் சீமையும்

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1964இல் இரண்டாக உடைந்தது. அப்போது உருவான மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து 1969இல் மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட் பிரிவு தனிக் கட்சியாக வெளியேறியது. இந்த இரு பிளவுகளும் இன்று திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என மூன்று மாவட்டங்களாக இருக்கும் பழைய நெல்லைச் சீமையில் ஆழமான தடம் பதித்தன. ஊர்ப் பேச்சில் இந்தியக் கம்யூனிஸ்ட், மார்க்சிஸ்ட், மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட் கட்சியினர் முறையே 'வலது', 'இடது', 'எம்.எல்.' எனப்பட்டனர். 'வலது' என்ற பெயரை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்கள் ஒருபோதும் ஏற்றதில்லை. எதிர்த்தரப்பு வைத்த அந்தப் பெயர் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

பிளவுக்கு முந்தைய வரலாறு ஒன்றுதான். 1948இல் கல்கத்தா மாநாடு ஆயுதப் போராட்டப் பாதையை வகுத்தபின் கட்சி கடும் அடக்குமுறைக்கு ஆளானது. நெல்லையில் தலைமறைவாக இருந்தவர்கள் பிடிபட்டு, நெல்லைச் சதி வழக்கில் நிறுத்தப்பட்டனர். ஸ்ரீவைகுண்டத்தைச் சேர்ந்த இரா. நல்லகண்ணு, கே. பாலதண்டாயுதம், ஐ. மாயாண்டி பாரதி முதலியோர் அந்த வழக்கில் சிறை சென்றவர்கள். பிடிபட்டபோது நல்லகண்ணுவின் மீசையைப் போலீசார் சிகரெட்டால் பொசுக்கினர். அதன்பின் அவர் மீசை வைக்கவே இல்லை. ஒரே வழக்கில் கூண்டேறிய இவர்களுள் நல்லகண்ணுவும் பாலதண்டாயுதமும் 1964க்குப் பிறகு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் நின்றனர். மாயாண்டி பாரதி மார்க்சிஸ்ட் பக்கம் சென்றார். இதைத் தனிமனிதப் பகையாகப் பார்த்தால் எதுவும் விளங்காது.

கருத்து வேறுபாட்டின் வேர், சுதந்திர இந்தியாவின் அரசு யாருடையது என்ற கேள்வியில் இருக்கிறது. 1955இல் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானித்தது. நேரு சோவியத் ஒன்றியத்துடன் நட்புப் பாராட்டினார். பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. இதைக் கண்ட ஒரு சாரார், காங்கிரசுக்குள் இருக்கும் முற்போக்குப் பகுதியோடு கைகோத்து நாட்டை முன்னகர்த்தலாம் என்றனர். மற்றொரு சாரார், பெருமுதலாளிகளும் நிலப்பிரபுக்களும் அமர்ந்திருக்கும் அரசோடு கைகோப்பது தொழிலாளி வர்க்கத்தை அதன் வாலாக்கிவிடும் என்றனர். 1956இல் குருசேவ் ஸ்டாலினை விமர்சித்ததும், பின்னர் மாஸ்கோவுக்கும் பீகிங்குக்கும் மூண்ட தகராறும் இந்த உள்நாட்டுக் கேள்விக்கு உலக அளவிலான சூட்டை ஏற்றின. ஆயினும் பிளவை ரஷ்யா-சீனா சண்டையின் எதிரொலி என்று மட்டும் சொல்வது பிழை. அந்தத் தகராறு எழாதிருந்தாலும் அரசு யாருடையது என்ற கேள்வி கட்சியின் முன் நின்றிருக்கும்.

1961 விஜயவாடா மாநாட்டில் உடைப்பு தள்ளிப்போடப்பட்டது. 1962இல் பொதுச்செயலாளர் அஜய் கோஷ் காலமானார். அதே ஆண்டு சீன எல்லைப் போர் வெடித்து, இடதுசாரிப் போக்கினர் பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். 1964 மார்ச்சில், கட்சித் தலைவர் டாங்கே இளமையில் பிரிட்டிஷ் அரசுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் வெளிவந்தன. 1964 ஏப்ரல் 11 அன்று தேசியக் கவுன்சில் கூட்டத்திலிருந்து 32 பேர் வெளியேறினர். அவர்களில் பி. ராமமூர்த்தி, எம்.ஆர். வெங்கட்ராமன், என். சங்கரய்யா, கே. ரமணி ஆகிய நால்வர் தமிழ்நாட்டவர். இவர்களில் சங்கரய்யா கோவில்பட்டியில் பிறந்தவர். அவ்வாண்டு இறுதியில், வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியான தரப்பு கல்கத்தாவிலும் மறுதரப்பு பம்பாயிலும் மாநாடு கூட்டித் தத்தம் திட்டங்களை நிறைவேற்றின.

அந்த இரு திட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறுபாடு தெளிவாகும். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் இலக்கு 'தேசிய ஜனநாயகப் புரட்சி'. அதன் பார்வையில் அரசு தேசிய முதலாளி வர்க்கம் முழுவதன் கருவி; பெருமுதலாளிகளுக்கு அதில் செல்வாக்கு உண்டு, தலைமை இல்லை. ஆகவே அந்த வர்க்கத்தின் ஏகபோகமல்லாத பகுதியும் புரட்சி அணியில் தலைமையைப் பகிர்ந்துகொள்ளலாம். மார்க்சிஸ்ட் கட்சியின் இலக்கு 'மக்கள் ஜனநாயகப் புரட்சி'. அதன்படி அரசு, பெருமுதலாளிகளின் தலைமையில் முதலாளிகளும் நிலப்பிரபுக்களும் நடத்தும் வர்க்க ஆட்சி. மாற்று அணிக்குத் தொழிலாளி வர்க்கமே தலைமை தாங்க வேண்டும். தொழிலாளர்-விவசாயிகள் கூட்டணி அதன் அச்சாணி. தாமிரபரணிப் பாசனத்தில் மடத்து நிலத்தையும் பண்ணையார் நிலத்தையும் வாரத்துக்கு உழுத குடியானவருக்கு இது ஏட்டு விவாதமல்ல. நிலச்சீர்திருத்தச் சட்டத்தை இந்த அரசே நிறைவேற்றும் என்று அதனை நெருக்குவதா, நிறைவேற்றாது என்று கொண்டு அதற்கு எதிராக அணிதிரள்வதா என்பதே அவர் முன் வந்த கேள்வி.

மூன்றாவது தரப்பான எம்.எல். பிரிவு இந்த இரண்டு திட்டங்களையுமே மறுத்தது. 1967இல் மேற்கு வங்கத்தில் நடந்த நக்சல்பாரி உழவர் எழுச்சியைப் பீகிங் வாழ்த்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மதுரையில் கூடிய மார்க்சிஸ்ட் மத்தியக் குழு, சீனக் கட்சியின் கருத்துகளோடு தான் மாறுபடும் இடங்களைத் தீர்மானமாக அறிவித்தது. சோவியத் வழியையும் சீன வழியையும் ஒருசேர மறுக்கும் நிலைப்பாடு அங்கே உறுதிப்பட்டது. நக்சல்பாரித் தரப்பு, இந்தியா அரைக் காலனி, அரை நிலப்பிரபுத்துவ நாடு என்றது, முதலாளிகளைத் தரகு முதலாளிகள் என்றது, தேர்தலைப் புறக்கணித்தது. மார்க்சிஸ்ட் ஏடான 'தீக்கதிர்' தோன்றக் காரணமானவர்களில் ஒருவரான எல். அப்பு இந்தப் பாதைக்குச் சென்றது, பிளவு எவ்வளவு உள்ளே ஊடுருவியது என்பதற்குச் சான்று. பின்னாளில் இத்தரப்பும் பல குழுக்களாகச் சிதறியது.

திட்ட வேறுபாடு தேர்தல் களத்தில் நேருக்குநேர் மோதலாக மாறியது. 1967இல் மார்க்சிஸ்ட் கட்சி தி.மு.க. அணியில் நின்று 11 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. தனியே நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 2 இடங்களே கிடைத்தன. 1971இல் நிலைமை தலைகீழ்: தி.மு.க.வோடு சேர்ந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 8, மார்க்சிஸ்டுகளுக்கு ஒன்றுமில்லை. அந்த ஆண்டு இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ்.ஏ. முருகானந்தம் திருநெல்வேலியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1977 சட்டமன்றத் தேர்தலில் கோவில்பட்டியைக் காங்கிரஸ் அணியில் நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ். அழகர்சாமி வென்றார், அம்பாசமுத்திரத்தையும் வாசுதேவநல்லூரையும் அ.தி.மு.க. அணியில் நின்ற மார்க்சிஸ்ட் கட்சி வென்றது. மூன்று தொகுதிகளும் அன்று ஒரே மாவட்டத்தில் இருந்தன.

தொழிற்சங்கங்களும் பிரிந்தன. 1970இல் மார்க்சிஸ்டுகள் ஏ.ஐ.டி.யு.சி.யை விட்டு சி.ஐ.டி.யு.வைத் தொடங்கினர், அதன் முதல் பொதுச்செயலாளர் பி. ராமமூர்த்தி. பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம், முக்கூடல் வட்டாரத்தில் இதைத் தெளிவாக உணர்ந்தது பீடித் தொழில். வீட்டுத் திண்ணையில் மடியில் தட்டை வைத்து, நனைத்த இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கொடுத்த இலை போதவில்லை என்றாலும், பீடிக்கடையில் கழிவு என்று ஒதுக்கினாலும் நட்டம் அவருக்கே. கூலி உயர்வு, பஞ்சப்படி, வைப்பு நிதி, கழிவுக்கு வரம்பு ஆகியவையே இரு சங்கங்களின் கோரிக்கைகளும். 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் முயன்றவர் மார்க்சிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், அதன் பலன் எந்தச் சங்கக் கொடியின் கீழ் இருந்தவருக்கும் பொதுவானது. கோரிக்கை ஒன்றாக இருக்கையில் சங்கம் இரண்டானதால் முதலாளிகளுக்கே வசதி கூடியது என்பதை மறுக்க முடியாது.

இலக்கியத்திலும் கோடு விழுந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா 1961இல் தொடங்கிய தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றமும் 'தாமரை' இதழும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிப் பக்கம். 1970இல் வந்த 'செம்மலர்' இதழும் 1975இல் மதுரையில் தோன்றிய முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் மார்க்சிஸ்ட் பக்கம். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த நா. வானமாமலை பாளையங்கோட்டையில் நடத்திய நெல்லை ஆய்வுக் குழுவும் 'ஆராய்ச்சி' இதழும் நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்து ஆராய்ந்தன. கட்சிக் கோடுகளைத் தாண்டிப் பயன்பட்ட பணி அது.

1975 நெருக்கடி நிலையை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்தது, மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. தேசிய முதலாளி வர்க்கத்தோடு கூட்டு என்ற கருத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சோதனை வந்ததில்லை. அதில் அந்தக் கருத்து தோற்றது. 1978இல் பதிண்டா மாநாட்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அந்த ஆதரவு தவறு என்று ஒப்புக்கொண்டு காங்கிரசிடமிருந்து விலகியது. அதை ஏற்காத டாங்கே 1981இல் வெளியேற்றப்பட்டார். அதன்பின் இரு கட்சிகளும் பெரும்பாலும் ஒரே அணியில் நின்றன. தென்காசி மக்களவைத் தொகுதியில் 2004இல் தி.மு.க. அணி சார்பில் எம். அப்பாதுரையும், 2009இல் அ.தி.மு.க. அணி சார்பில் பொ. லிங்கமும் வென்றனர். இருவரும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியினர். இருமுறையும் மார்க்சிஸ்ட் கட்சி அதே அணியில் இருந்தது. இரண்டு திட்டங்களும் இன்றளவும் தனித்தனியாகவே இருக்கின்றன.