பசியும் மனநிலையும்: ஜீவகாருண்ய ஒழுக்கத்தை முன்வைத்து

நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பத்திற்குக் கிழக்கே, விருத்தாசலம்–கடலூர் சாலையில் அமைந்த வடலூரில் 1867 மே 23 அன்று இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாதிருப்பது பலரும் அறிந்தது. அவ்வறத்தின் கொள்கையை விளக்கும் ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூல் பசித்தவரின் மனநிலையை விவரிக்கும் முறை தனியே நோக்கத்தக்கது.

மணிமேகலை பசியைப் பிணி என்றே சுட்டி, குடிப்பிறப்பும் கல்வியும் நாணும் அதனால் அழிவதைக் கூறுகின்றது. அங்கு இழப்பு பெரிதும் சமூக மதிப்பைச் சார்ந்தது. வள்ளலாரின் வரிசை வேறு. அறிவு மயங்குவதில் தொடங்கி மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகியன நிலைகுலைவதைக் கூறிய பின்னரே வாத பித்த சிலேட்டுமங்களுக்கும் கண், செவி, நா முதலிய உறுப்புகளுக்கும் அவர் வருகின்றார். பசி முதலில் அகத்தையே தாக்குகின்றது என்பது இவ்வரிசையின் உட்பொருள்.

இதனை இக்கால அறிவியலோடு இணைப்பதில் அவசரம் கூடாது. கொழுப்புத் திசுவில் சுரந்து உணவு வேட்கையைத் தணிக்கும் லெப்டின் 1994இலும், இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் 1999இலும் கண்டறியப்பட்டன. லெப்டின் எலிகளின் சோர்வைக் குறைப்பதாக 2006இல் ஓர் ஆய்வு கூறிற்று. வியப்பு யாதெனில், எதிர்த்தொழில் உடைய கிரெலினும் அவ்வாறே செய்வதாக 2008இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று: உணவு குறைக்கப்பட்டுக் கிரெலின் மிகுந்த சுண்டெலிகளிடம் அச்சமும் சோர்வும் குறைந்தன. இரை தேடும் உயிருக்கு ஊக்கம் வேண்டும் என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். மனிதரிடத்தில் முடிவுகள் இன்னும் ஒத்துவரவில்லை.

ஆகவே, வள்ளலார் இந்த ஹார்மோன்களை முன்னறிந்தார் எனல் காலமயக்கமாகும். அவர் பேசுவது ஏழையின் நீண்ட பசி. ஆய்வுக்கூடச் சுண்டெலியின் குறுகிய பசியன்று. அவர் விவரிப்புக்கு நெருங்கிய சான்று 1944–45இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வே. ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்த 36 ஆடவரிடம் மனச்சோர்வும் எரிச்சலும் பற்றின்மையும் மிகுந்தன. எனினும் அத்தன்னார்வலர்கள் தம் பட்டினி முடியும் காலத்தை அறிந்திருந்தனர். ஜீவகாருண்ய ஒழுக்கம் காட்டும் ஏழைக்கு அவ்வறிவு இல்லை. நேற்றுப்போல் இன்றும் பட்டினியோ என அஞ்சும் அவர், தம் பசியைப் பொறுக்கத் துணிந்தாலும், மனைவி, பெற்றோர், மக்கள் ஆகியோரின் பசிக்கு என் செய்வது என்றே கலங்குகின்றார்.