ரஞ்சிக் கோப்பையும் தமிழ்நாடும்: இரண்டு வெற்றி, பத்து ஏமாற்றம்



சென்னை சூப்பர் கிங்ஸ் எந்தெந்த வருஷம் ஐ.பி.எல். கோப்பையை வென்றது என்று கேட்டால் எங்கள் பள்ளிப்பட்டில் மூன்றாம் வகுப்புப் பையன்கூட மளமளவென்று சொல்லிவிடுவான்: 2010, 2011, 2018, 2021, 2023. தமிழ்நாடு அணி ரஞ்சிக் கோப்பையை எத்தனை முறை வென்றது என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே தலையைச் சொறிவார்கள். விடை: இரண்டே முறை. 1954-55ல் ஒன்று, 1987-88ல் ஒன்று. இறுதிப்போட்டி வரை வந்து தோற்றது மட்டும் பத்து முறை!

ஒவ்வொரு முறை நாக்-அவுட்டில் தோற்கும்போதும் ரசிகர்கள் ஒரு காரணம் வைத்திருக்கிறோம். டாஸ் சரியில்லை, ராசி இல்லை, நம்ம பசங்களுக்குப் பெரிய ஆட்டம் என்றால் கை நடுங்குகிறது... இதில் எது உண்மை? பழைய ஸ்கோர்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் ஒரு பெருமை. ரஞ்சிப் போட்டியின் முதல் ஆட்டமே நம்முடையதுதான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மெட்ராஸ் அணியும் மைசூர் அணியும் மோதின. ஏ.ஜி. ராம் சிங் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட் எடுத்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. மெட்ராஸ் இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. ஆனால் கோப்பைக்கு இருபது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1954-55 இறுதிப்போட்டி இந்தூரில், ஹோல்கர் அணியோடு நடந்தது. நம் கேப்டன் பாலு அழகனன். மெட்ராஸ் 478, 311. ஹோல்கர் 417, 326. 46 ரன்னில் வெற்றி. சி.டி. கோபிநாத் சதம் அடித்தார். ராம் சிங்கின் மகன் கிருபால் சிங் இரண்டு இன்னிங்ஸிலும் அரைசதம் அடித்தார். அப்பா தொடங்கியதை மகன் முடித்து வைத்தார் என்று சொல்லலாம்.

இதில் எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. அன்று பள்ளிப்பட்டு ஆந்திர மாநிலத்தில் இருந்தது. 1953ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் பள்ளிப்பட்டும் அங்கே போய்விட்டன. ம.பொ.சி. போன்றவர்களின் எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திரும்பி வந்தன. ஆகவே முதல் கோப்பையில் எங்கள் ஊருக்குப் பங்கு இல்லை. நாங்கள் உரிமையோடு கொண்டாடக்கூடியது 1988 ஒன்றுதான்!

அந்த 1988 வெற்றி சாதாரண வெற்றி அல்ல. எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் ரயில்வே அணியை எதிர்த்து 709 ரன் குவித்து, இன்னிங்ஸ் மற்றும் 144 ரன்னில் ஜெயித்தார்கள். தமிழ்நாடு என்ற பெயரில் கிடைத்த முதல் ரஞ்சிக் கோப்பை அது. அதற்குப் பிறகு 1992, 1996, 2003, 2004, 2012, 2015 என்று ஆறு இறுதிப்போட்டி ஆடியும் ஒன்றுகூட நமக்கு இல்லை.

சரி, ஏன்? இங்கேதான் ரஞ்சியின் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். நாக்-அவுட் ஆட்டம் முழுதாக முடியாவிட்டால், முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணிக்கே வெற்றி. நாம் தோற்ற இறுதிப்போட்டிகளில் 1968, 1992, 1996, 2004, 2012 ஆகிய ஐந்தும் இப்படிப் போனவைதான். இனி நாம் தோற்ற சில பெரிய ஆட்டங்களின் முதல் இன்னிங்ஸை மட்டும் பாருங்கள்.

1973 இறுதி, சேப்பாக்கம்: பம்பாய் 151, நாம் 80.
2012 இறுதி, சேப்பாக்கம்: ராஜஸ்தான் 621, நாம் 295.
2015 இறுதி, வான்கடே: கர்நாடகா 762, நாம் 134.
2024 அரையிறுதி, மும்பை: மும்பை 378, நாம் 146.
2025 காலிறுதி, நாக்பூர்: விதர்பா 353, நாம் 225.

1973ல் நம்மிடம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்தார்கள். பந்து சுழலும் ஆடுகளம். ஆனால் அதே ஆடுகளத்தில் பம்பாயின் பத்மாகர் சிவால்கர் 13 விக்கெட் அள்ளினார். மூன்றாம் நாள் முதல் பந்தோடு கதை முடிந்தது. 2015ல் கருண் நாயர் நமக்கு எதிராக 328 ரன் அடித்தார். பத்து வருஷம் கழித்து நாக்பூரில் விதர்பாவுக்காக ஆடி, நமக்கு எதிராகவே 122 அடித்தார். அந்த 2015 ஆட்டத்திலேயே இரண்டாவது இன்னிங்ஸில் நாம் 411 எடுத்தோம் என்பதை மறக்கக்கூடாது. தினேஷ் கார்த்திக்கும் விஜய் சங்கரும் சதம் அடித்தார்கள். அப்படியென்றால் ஆடத் தெரியாதவர்கள் அல்ல. ஆட வேண்டிய நேரத்தில் ஆடவில்லை, அவ்வளவுதான்.

2024 தோல்விக்குப் பிறகு டாஸ் பற்றிப் பெரிய பேச்சு எழுந்தது. முதலில் பேட் செய்தது தவறு என்று பயிற்சியாளரே வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அதே ஆட்டத்தில் மும்பை 106 ரன்னுக்கு 7 விக்கெட் இழந்து நின்றது. கேப்டன் சாய் கிஷோர் ஆறு விக்கெட் எடுத்தார். அங்கிருந்து ஷர்துல் தாக்கூர் சதம் அடித்து மும்பையைக் கரை சேர்த்தார். நெருக்கடியில் ஒருவர் நின்றார். நம் பக்கம் அப்படி யாரும் நிற்கவில்லை. டாஸ் என்ன செய்யும்?

பயம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. சையது முஷ்டாக் அலி டி20 கோப்பையை 2006-07, 2020-21, 2021-22 என மூன்று முறை வென்றிருக்கிறோம். 2021ல் கர்நாடகாவுக்கு எதிரான இறுதியில் கடைசிப் பந்தில் ஷாருக் கான் சிக்ஸர் அடித்தாரே, அது கை நடுங்குகிறவர் அடித்த அடியா? விஜய் ஹசாரே கோப்பையும் ஐந்து முறை நம்மிடம் வந்திருக்கிறது. ஆக, பிரச்சினை பயம் அல்ல. ஒரு நாள் முழுக்க, அவசரப்படாமல், அவுட் ஆகாமல் நிற்கும் பழக்கம் குறைவு என்பதே என் கருத்து.

இது நமக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் டொரான்டோவில் மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது. அவர்கள் கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1967ல். அங்கேயும் பிளே-ஆஃப் தோல்விக்குப் பிறகு ரசிகர்கள் இதே மாதிரி கணக்குப் பார்க்கிறார்கள். ஒரு வித்தியாசம், அங்கே தோற்றால் ஊரே துக்கம் கொண்டாடுகிறது. இங்கே ரஞ்சியில் தோற்றது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. மஞ்சள் சட்டை ஜெயித்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

எதிர்காலம் எப்படி? பந்துவீச்சில் குறை சொல்ல முடியாது. 2023-24ல் சாய் கிஷோர் எடுத்த 53 விக்கெட்தான் அந்த சீசனிலேயே அதிகம். பேட்டிங்கில் ஆந்த்ரே சித்தார்த், 18 வயதில் தன் முதல் ரஞ்சி சீசனை ஆடி, மற்றவர்கள் சரிந்த நாக்பூர் காலிறுதியிலும் அரைசதம் அடித்தார். நம்பிக்கை வைக்கலாம். ஆனால் வாஷிங்டன் சுந்தர் போன்றவர்கள் இந்திய அணிக்குப் போய்விடும்போது அந்த இடத்தை நிரப்ப, நின்று ஆடும் இன்னும் இரண்டு மூன்று பேர் வேண்டும். அவர்கள் இருபது ஓவர் ஆட்டத்தில் மட்டும் உருவாக மாட்டார்கள். மாவட்ட அளவிலேயே பையன்களுக்கு இரண்டு நாள், மூன்று நாள் ஆட்டங்கள் அதிகம் கிடைக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் நடப்பதெல்லாம் எட்டு ஓவர் டென்னிஸ் பந்துப் போட்டிகள். அதில் சிக்ஸர் அடிக்கக் கற்றுக்கொள்ளலாம், பந்தை விடக் கற்றுக்கொள்ள முடியாது.

அடுத்த முறை தமிழ்நாடு ரஞ்சி நாக்-அவுட்டுக்கு வரும்போது டாஸ் யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். முதல் இன்னிங்ஸில் நம் ஆட்களில் யாராவது ஒருவர் நாள் முழுக்க நின்றாரா என்று கேளுங்கள். நின்றிருந்தால், மூன்றாவது கோப்பையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.