அரக்கு, முத்து, குந்தன், ஜெர்மன் சில்வர்: கைவினை நகையில் உண்மையில் என்ன இருக்கிறது?

வேலைக்காக ஹைதராபாத் வந்து திருமுல்கேரி, செகந்திராபாத் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள், ஊரிலிருந்து யார் வந்தாலும் சார்மினார் பக்கத்து லாட் பஜாருக்குத்தான் கூட்டிப் போவார்கள். திரும்பும்போது கையில் வளையலோ முத்து மாலையோ இருக்கும். கொடுத்த காசுக்கு என்ன பொருள் வந்தது என்று கேட்டால் மட்டும் பலருக்கும் பதில் தெரியாது. வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

அரக்கு என்பது என்ன?

இது பிளாஸ்டிக் இல்லை. புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். கைவினைஞர்கள் இதைக் கரி நெருப்பில் இளக்கி, உருட்டி, வளையமாக்கி, சூடு ஆறும் முன் கற்களை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். ஹைதராபாத் அரக்கு வளையலுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சூடு பட்டால் அரக்கு இளகும். அதனால் வெயிலில் நிற்கும் காருக்குள் வளையலை விட்டுட்டுப் போகாதீங்க. ஆல்கஹாலிலும் அது கரையும். சானிடைசர், பெர்ஃப்யூம் எல்லாம் போட்டு, காய்ந்த பிறகே வளையலை மாட்டுங்கள்.

ஹைதராபாத் முத்து எங்கிருந்து வருகிறது?

ஹைதராபாத்தில் கடல் இல்லை. நிஜாம் காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து முத்து வந்தது. இன்று கடைகளில் இருப்பதில் பெரும்பகுதி சீனாவில் நன்னீர் சிப்பிகளில் வளர்க்கப்பட்டவை. இவை போலி இல்லை, வளர்ப்பு முத்துகள். ஆனால் 'இயற்கை முத்து' என்று சொல்லி அதிக விலை கேட்டால், ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள். பல்லில் லேசாகத் தேய்த்தால் முத்து நறநறக்கும், கண்ணாடி மணி வழுக்கும். அது இயற்கை முத்தா வளர்ப்பு முத்தா என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

ஜெர்மன் சில்வரில் எவ்வளவு வெள்ளி?

துளியும் கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். கம்மல் போட்டதும் காது சிவந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

'ஆக்ஸிடைஸ்டு' என்பது உலோகத்தின் பெயர் இல்லை, கறுப்பு மெருகு. அடியில் வெள்ளியும் இருக்கலாம், பித்தளையும் இருக்கலாம். வெள்ளி என்று சொன்னால் 925 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதாவது 1,000 பங்கில் 925 பங்கு வெள்ளி. 'ஒரு கிராம் கோல்டு' என்பதும் பெரும்பாலும் செம்பு அல்லது பித்தளை மேல் தங்க முலாம்தான்.

குந்தனில் எங்கே கவனம் தேவை?

பெரிய தொகை போகும் இடம் இதுதான். குந்தன் நகையின் உட்பகுதியில் அரக்கு நிரப்பி, அதன் மேல் கல்லை வைத்து, சுற்றிலும் மெல்லிய சுத்தத் தங்கத் தகட்டை அழுத்திப் பதிப்பார்கள். தராசில் வைத்தால் தங்கம், கல், அரக்கு மூன்றும் சேர்ந்தே எடை காட்டும்.

தங்க நகைக்கு 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் 6 இலக்க எச்யுஐடி எண்ணும் வேண்டும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். ஆனால் குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்கும், 2 கிராமுக்குக் குறைவான நகைகளுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை.

அதனால் இங்கே உங்களுக்குப் பாதுகாப்பு பில்தான். உதாரணமாக, 40 கிராம் ஹாரத்தில் தங்கம் 22 கிராம் மட்டுமே இருக்கலாம். நாளை அவசரத்துக்கு விற்கப் போனால் தங்கத்துக்கான விலை அந்த 22 கிராமுக்குத்தான்.

கடையில் என்ன கேட்கலாம்?

* அடி உலோகம் எது? நிக்கல் கலந்திருக்கிறதா?
* மொத்த எடை எவ்வளவு, தங்கத்தின் நிகர எடை எவ்வளவு, எத்தனை காரட்?
* கல், செய்கூலி தனித்தனியாக பில்லில் இருக்கிறதா?
* திரும்பக் கொடுத்தால் எதற்கு, எவ்வளவு கழிப்பீர்கள்?

அரக்கு வளையலையும் ஜெர்மன் சில்வர் கம்மலையும் அழகுக்காக, அதற்குரிய விலையில் வாங்குவதில் தப்பே இல்லை. சேமிப்பு என்று நினைத்து வாங்குவதாக இருந்தால், வாயால் சொன்னது போதாது. பில்லில் எழுதி வாங்குங்கள்.