படவில்லையிலிருந்து அசைபடத்திற்கு: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பு–கண்டி நெடுஞ்சாலையிற் பயணிப்போருக்கு வரக்காப்பொல எள்ளுருண்டையால் அறிமுகமான ஊர். சாலையை விட்டு உள்ளே சென்றால் இறப்பர்த் தோட்டங்களும் லயங்களும் தென்படும். அண்மையில் அவ்வூர் மண்டபமொன்றில், தோட்ட இளைஞர் சிலர் தம் மக்களின் குடியுரிமை வரலாற்றைப் படவில்லைகளாகக் காட்டியபோது நாமும் அங்கிருந்தோம். பாமினி எழுத்துருவில் அமைந்த அக்காட்சி இரவற் கணினியில் ஓடவிடப்பட்டது. அவ்வெழுத்துரு அதில் இல்லாமையால் தமிழ் அனைத்தும் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாயிற்று. 1948, 1964, 2003 என்னும் ஆண்டுகளே எஞ்சின. இலக்கங்கள் பாமினியில் இடம் மாறாதவை.

அவ்வாண்டுகளின் பொருளைச் சபையோருக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிறிதொரு நாளுக்கென ஒத்திவைத்தது. 2003இன் சட்டம் எஞ்சியோருக்கு உரிமை வழங்கியது.

இளைஞர் கண்ட பரிகாரம் காட்சியை ஜிஃப் எனப்படும் அசைபடக் கோப்பாக்குவது. அதில் எழுத்து எழுத்தாக இராது. புள்ளிகளால் ஆன படமாகிவிடும். எனவே எழுத்துரு தேவையில்லை.

இவ்விரு சாதனங்களும் ஒரே ஆண்டிற் பிறந்தவை என்பது ஈண்டு நோக்கற்பாலது. பவர்பொயின்ற் 1987இல் மக்கின்ரொஷ் கணினிக்கென வெளிவந்து, அவ்வாண்டிலேயே மைக்ரோசொவ்ற் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. ஜிஃப் வடிவத்தை அதே 1987இல் கொம்பியூசேர்வ் நிறுவனம் வெளியிட்டது. மெதுவான தொலைபேசி இணைப்பில் வண்ணப்படம் அனுப்புவதே அதன் நோக்கம். 1989ஆம் ஆண்டுத் திருத்தம், ஒவ்வொரு படமும் நிற்கவேண்டிய நேரத்தை நொடியின் நூற்றிலொரு பங்குகளிற் குறிக்க இடமளித்தது. முடிவின்றித் திரும்பத் திரும்ப ஓடும் வசதி பின்னர் நெற்ஸ்கேப் உலாவியால் வந்து சேர்ந்தது.

இவ்வடிவம் பொதுச்சொத்துப்போலப் பரவியபின்னரே, அதனுள் இருந்த சுருக்கல் முறையின் காப்புரிமை யூனிசிஸ் நிறுவனத்துடையது என்பது பலருக்குத் தெரியவந்தது. 1994இன் இறுதியில், மென்பொருள் ஆக்குவோரிடம் கட்டணம் கோரப்பட்டது. காட்டைத் திருத்திப் பயிரிட்டபின் உறுதியோடு வந்து நிற்கும் நிலவுடைமையாளனை இது நினைவூட்டும். இதற்கு எதிர்வினையாகவே பிஎன்ஜி வடிவம் தோன்றிற்று. ஐக்கிய அமெரிக்காவில் அக்காப்புரிமை காலாவதியான ஆண்டும் 2003, தற்செயல்தான்.

நெடுங்காலம் இம்மாற்றம் கைவேலையாகவே நடந்தது. படவில்லைகளைத் தனித்தனிப் படங்களாகச் சேமித்துப் பிறிதொரு மென்பொருளில் அடுக்கவேண்டும். ஒரே படவில்லைக்குள் வரிகள் ஒவ்வொன்றாய் வந்து சேரும் அசைவு அவ்வழியில் அழிந்துவிடும். ஒவ்வொரு நிலைக்கும் தனிப் படவில்லை செய்யவேண்டும். பவர்பொயின்றின் பிந்திய பதிப்புகள் நேரடியாகவே ஜிஃப் கோப்பாகச் சேமிக்கின்றன. ஆயினும் ஒரு படத்திற்கு 256 வண்ணங்களே உண்டு, ஒலி இல்லை, பேசுவோன் விரும்பிய இடத்தில் நிறுத்தவும் இயலாது. எழுத்தைத் தேடவும் முடியாது என்பதே எமக்குப் பெருங்குறையாகப்படுகிறது. ஆதலின் மூலக் கோப்பை ஒருங்குறியில் மாற்றித் தனியே பேணுமாறு கூறினோம்.

இளைஞர் முதலிற் படமொன்றுக்கு 300 என நேரமிட்டிருந்தனர், அதாவது மூன்று நொடி. முன்வரிசை முதியவர்கள் வாசித்து முடியவில்லை என்றனர். அதை 1200 ஆக்கி மறுபடியும் ஓடவிட்டார்கள்.