காப்புரிமையின் நிழலில் கோப்புச் சுருக்கம்

கணினிக் கோப்பில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர்களைக் கண்டறிந்து, அவற்றுக்குப் பதிலாகச் சிறு குறியீடுகளை இட்டு, தகவல் எதுவும் இழக்கப்படாமல் கோப்பின் அளவைக் குறைப்பதே கோப்புச் சுருக்கம் எனப்படுகிறது. இஸ்ரேலைச் சேர்ந்த ஆப்ரகாம் லெம்பல், ஜேக்கப் ஜிவ் ஆகிய அறிஞர்கள் 1977, 1978 ஆண்டுகளில் வெளியிட்ட இரு ஆய்வுக் கட்டுரைகள் இத்துறைக்கு அடித்தளமிட்டன. இரண்டாம் கட்டுரையின் முறையை டெர்ரி வெல்ச் செம்மைப்படுத்தி 1984இல் வெளியிட, மூவரின் பெயர் முதலெழுத்துகளால் அது எல்.இசட்.டபிள்யூ. என்று வழங்கலாயிற்று.

எளிமையும் வேகமும் கொண்ட அம்முறையை யூனிக்ஸ் கணினிகளின் 'கம்ப்ரஸ்' நிரலும், 1987இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்ட ஜிஃப் பட வடிவமும் ஏற்றுக்கொண்டன. ஆனால், ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலம்வரை பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தாதவாறு தடுக்கும் காப்புரிமையைக் கோரி, வெல்ச் பணியாற்றிய ஸ்பெர்ரி நிறுவனம் 1983 ஜூன் 20 அன்றே விண்ணப்பித்திருந்தது. காப்புரிமை வழங்கப்படும்வரை விண்ணப்பங்களை அமெரிக்க அலுவலகம் மறைவாக வைத்திருந்த காலம் அது என்பதால், கட்டுரையை மட்டும் படித்து நிரல் எழுதியவர்கள் அதை அறிய வழியில்லை. 1985 டிசம்பரில் வழங்கப்பட்ட அவ்வுரிமை, ஸ்பெர்ரியும் பரோஸும் 1986இல் இணைந்து உருவான யூனிசிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

வணிக நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி உரிமம் பெற இயலும். எவரும் படியெடுக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளுக்கோ, கட்டணம் செலுத்தப் படிகளைக் கணக்கிடுவதே இயலாது. அத்தகைய மென்பொருள்களுக்கான குனூ பொது உரிமத்தின் 1991இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு, காப்புரிமைக் கட்டணத்தால் இச்சுதந்திரம் தடைபடுமாயின் மென்பொருளை விநியோகிக்கவே கூடாது என விதித்தது. எனவே, கம்ப்ரஸுக்கு மாற்றாக ழான்-லூ கையி, மார்க் அட்லர் ஆகியோர் 1992இல் 'ஜிசிப்' நிரலை வெளியிட்டனர். முன்பு வந்த தொடரின் தொலைவையும் நீளத்தையும் சுட்டும் 1977ஆம் ஆண்டு முறையை, அடிக்கடி வருபவற்றுக்குக் குறுகிய குறியீடுகளை வழங்கும் ஹஃப்மன் முறையோடு இணைத்த அந்நிரல், பழைய கோப்புகளை விரித்துத் தந்ததோடு கம்ப்ரஸைவிடச் சிறப்பாகவும் சுருக்கியது. ஜிஃப் படங்களைக் கையாளும் மென்பொருள்களுக்கு உரிமம் தேவை என்ற அறிவிப்பு 1994 டிசம்பரில் வெளியானபின் உருவான பிஎன்ஜி பட வடிவமும் இதே சுருக்க முறையையே தழுவியது.

எனினும், இவ்வெற்றியைக் காப்புரிமையின் பயனாகக் கருதுவது பிழையாகும். ஜூலியன் சீவர்டின் 'பிசிப்' நிரல் எண்கணிதக் குறியாக்கம் என்னும் நுட்பத்தைக் கையாண்டு கோப்புகளை நன்கு இறுக்கியபோதும், அந்நுட்பத்தின் மீதிருந்த காப்புரிமைகளால் அதைக் கைவிட்டு, சற்றுக் குறைவாகவே இறுக்கும் ஹஃப்மன் முறையோடு 'பிசிப்2' எழுதப்பட வேண்டியதாயிற்று. யூனிசிஸின் அமெரிக்கக் காப்புரிமை 2003 ஜூன் 20 அன்று காலாவதியானபோது, கட்டற்ற உலகம் தனக்கான மாற்றுகளை முன்பே நிறுவிவிட்டிருந்தது. கணித முறைகளைத் தனியுடைமையாக்கியதன் விலையை ஊதியம் கருதாது உழைத்த நிரலாளர்களே செலுத்தினர் என்பதும், அறிவு பொதுவில் இருந்திருப்பின் அவ்வுழைப்பு மேலும் சிறந்த கருவிகளை ஆக்கப் பயன்பட்டிருக்கும் என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மைகளாகும்.